லெஸ் பால்னா கிட்டார் பேர் மட்டும்தானா பாஸ்? டிலே பெடல் வாங்கும் முன் இந்த மனிதரைத் தெரிஞ்சுக்கோங்க!

சனிக்கிழமை சாயங்காலம். பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் கைக்கு வந்தாச்சு. வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை ஆறு மாசமா ஒதுக்கி வெச்சிருக்கீங்க. எதுக்கு? எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு டிலே பெடல் வாங்க. யூடியூபில் இருபது வீடியோ பார்த்தாச்சு. ஒருத்தர் அனலாக்தான் உயிருள்ள சவுண்டு என்கிறார். இன்னொருத்தர் டிஜிட்டல் இல்லாம இந்தக் காலத்துல எப்படி என்கிறார். மூணாவது ஆள் பதினோரு மோடு இருக்கிற பெட்டியைக் காட்டி, இது ஒண்ணே போதும் என்று சத்தியம் செய்கிறார். தலை சுத்துதா?

எனக்கும் சுத்தியது. கொஞ்ச வருஷம் முன்னாடி, மோடு அதிகமா இருந்தா மதிப்பு அதிகம் என்று நினைத்து, சேர்த்த காசு மொத்தத்தையும் ஒரு பெட்டியில் கொட்டினேன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், நான் பயன்படுத்தியது ஒரே ஒரு மோடு. மற்றதெல்லாம் பட்டுச்சேலை மாதிரி மடிச்சபடியே இருந்தது. அதனால எந்த மாடல் என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அந்தப் பெட்டி செய்கிற வேலைக்காகத் தன் வீட்டு கேரேஜில் வருஷக்கணக்கா மல்லுக்கட்டிய ஒரு மனிதரை முதல்ல பார்த்துடலாம்.

அவர் பெயர் லெஸ் பால். ஆமா, உங்க டி-ஷர்ட்டில் பிரிண்ட் ஆகியிருக்கிற, தலைப்பகுதியில் கையெழுத்து மாதிரி பேர் எழுதியிருக்கிற அதே கிப்ஸன் லெஸ் பால். அது வெறும் மாடல் பெயர் என்று நினைப்பவர்கள் நிறைய. ரத்தமும் சதையுமா 94 வயசு வரை வாழ்ந்த ஆள் அவர்.

1915 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் வாகிஷா என்ற சின்ன ஊரில் பிறந்தார். முழுப்பெயர் லெஸ்டர் வில்லியம் பால்ஸ்ஃபஸ். பியானோ சொல்லிக்கொடுத்த டீச்சர், இந்தப் பையனுக்குச் சங்கீதம் வராது, காசை வீணாக்காதீங்க என்ற அர்த்தத்தில் அம்மா எவ்லினுக்குச் சீட்டு எழுதி அனுப்பினாராம். அம்மா அதைச் சட்டை பண்ணவில்லை.

வீட்டில் தானாக வாசிக்கும் பியானோ ஒன்று இருந்தது. ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஓட ஓட, ஓட்டை வருகிற இடத்தில் அந்தந்தக் கட்டை அழுந்தும். நம்ம சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு தறி பார்த்திருந்தா உடனே புரியும். அட்டையில் எங்கே ஓட்டையோ அதற்கேற்ற மாதிரி நூல் எழும், டிசைன் விழும். சின்னப் பையன் லெஸ் என்ன பண்ணினார் தெரியுமா? அந்தச் சுருளில் தானே புது ஓட்டைகள் போட்டார். பாட்டில் இல்லாத சுரங்கள் கேட்டன. ஓட்டை தப்பான இடத்தில் விழுந்தால் ஒட்டு போட்டு மூடிவிட்டு, மறுபடி குத்தினார். ஏற்கெனவே பதிவான இசையின் மேல் இன்னொரு அடுக்கு சேர்க்கலாம் என்பது அந்த வயசிலேயே கைக்குப் பழகிவிட்டது.

அப்புறம் ஹார்மோனிகா, பாஞ்சோ, கிட்டார். கையால் கிட்டார் வாசித்துக்கொண்டே வாயால் ஹார்மோனிகா ஊத, கழுத்தில் மாட்டும் கம்பி ஸ்டாண்டு ஒன்றைத் தானே வளைத்துச் செய்துகொண்டார். பதின்வயதில், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் ரோட்டோரக் கடை ஒன்றில் வாசித்தபோது, பாட்டு கேட்குது, கிட்டார் கேட்கலை என்று ஒரு வாடிக்கையாளர் குறை சொன்னார். அன்றைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. லெஸ் கிராமபோன் ஊசியைக் கிட்டாருக்குள் செருகி, வயரை இழுத்து அப்பாவின் ரேடியோவில் மாட்டினார். கிட்டார் கேட்டது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பினார். சிகாகோவில் காலையில் ரூபார்ப் ரெட் என்ற பெயரில் கிராமியப் பாட்டு, ராத்திரி லெஸ் பால் என்ற பெயரில் ஜாஸ். ஒரே ஆள், ரெண்டு ஷிஃப்ட். பிறகு நியூயார்க். 1941 வாக்கில், அங்கே எபிஃபோன் கம்பெனி லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே போய், நாலு இன்ச்சுக்கு நாலு இன்ச் பைன் மரக்கட்டையில் கம்பிகளைக் கட்டி ஒரு கிட்டார் செய்தார். பெயரே 'கட்டை'. பார்க்க நன்றாக இல்லை என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாதாரண கிட்டார் ஒன்றை ரெண்டாக அறுத்து ரெண்டு பக்கமும் ஒட்டியதும் கைதட்டல் வந்தது. சவுண்டு அதேதான், சட்டைதான் மாறியது. உருப்படியான கட்டை உடம்புக் கிட்டாரை யோசித்தவர் இவர் ஒருவரே என்று சொல்வது மிகை. வேறு சிலரும் அதே காலத்தில் முயன்றுகொண்டிருந்தார்கள்.

அதே 1941-ல் வீட்டு பேஸ்மென்ட்டில் வாசிக்கும்போது பயங்கரமான ஷாக் அடித்தது. மீண்டு வர நீண்ட காலம் ஆனது. தகர ஷெட்டில் ரிகர்சல் பண்ணும் தம்பிகளே, ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க.

இனிமேதான் நம்ம கதையின் முக்கியமான இடம். 1940-களின் நடுவில் லெஸ் ஹாலிவுட்டில் இருந்தார். அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார் பாடகர் பிங் க்ராஸ்பியோடு 1945-ல் வாசித்த பாட்டு நம்பர் ஒன் ஆனது. காசு, பேர் ரெண்டும் வந்தாச்சு. அப்போது அம்மா எவ்லின், நேத்து ரேடியோவில் உன் வாசிப்பைக் கேட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். லெஸ் அன்று ரேடியோவில் வாசிக்கவே இல்லை. வாசித்தது வேறொரு கிட்டாரிஸ்ட்.

பெத்த அம்மாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு சுருக்குனு இருந்திருக்கும்! அவ்வளவு நாள் உழைத்தும் தன் சவுண்டு என்று ஒன்று இல்லை என்பது அந்த ஒரு பேச்சில் தெரிந்துவிட்டது. லெஸ் ஓடிக்கொண்டிருந்த வேலைகளை விட்டுவிட்டு, வீட்டு கேரேஜைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தன்னைத் தவிர வேறு யாரென்றும் நினைக்க முடியாத ஒரு சவுண்டு வேண்டும். அது கிடைக்கும்வரை வெளியே வருவதில்லை.

கேரேஜ் ஸ்டூடியோவில் ரெக்கார்டு வெட்டும் இயந்திரத்துக்கு அவர் பயன்படுத்திய தட்டு எது தெரியுமா? காடிலாக் காரின் ஃப்ளைவீல். கனமான சக்கரம், ஆடாமல் அசையாமல் ஒரே சீராகச் சுற்றும். அதை ஓட்ட, பல் டாக்டரின் டிரில் மெஷினில் ஓடும் பெல்ட். உதிரி பாகம் கிடைக்கலைன்னா பழைய மார்க்கெட்டில் தேடி வேறொன்றை வைத்து ஓட்டிவிடும் நம்ம ஊர் மெக்கானிக் புத்திதான்.

அவர் தேடியதில் ஒன்று எக்கோ. நம்ம தோட்டத்துக் கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்து 'ஓய்' என்று கத்தினால் கிணறும் 'ஓய்' என்று திருப்பிச் சொல்லுமே, அது. அன்றைய ஸ்டூடியோக்களில் எக்கோ வேணும்னா காலி அறையில் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக் வைத்துப் பிடிப்பார்கள். அறை பெரிசுன்னா பெரிய எதிரொலி, சின்னதுன்னா சின்னது. கேரேஜில் கிணத்துக்கு எங்கே போவது? அறையே இல்லாமல் எதிரொலி வேண்டும் என்றார் லெஸ். பதிவாகும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அதே பதிவைப் படிக்கும் இன்னொரு பிக்கப்பை வைத்தால்?

நிட்டிங் யூனிட்டிலோ செக்கிங் டேபிளிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துணி ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் ஆள் நிற்கும் இடத்தில் ஒரு நீடில் லைன் தெரிகிறது. நாலடி தள்ளி நிற்கும் ரெண்டாவது ஆளுக்கு அதே கோடு கொஞ்ச நேரம் கழித்துத் தெரியும். எவ்வளவு நேரம் கழித்து? ரெண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரம், துணி ஓடும் வேகம், அவ்வளவுதான் கணக்கு. துணிக்குப் பதில் டேப். முதல் ஆள் பதிவு செய்யும் ஹெட், ரெண்டாவது ஆள் படிக்கும் ஹெட். டேப் நொடிக்கு 15 இன்ச் ஓடி, ஹெட்களுக்கு நடுவில் 2 இன்ச் இருந்தால், சத்தம் சுமார் 133 மில்லிசெகண்டு தாமதமாகத் திரும்பும். வேகத்தைப் பாதியாக்கினால் தாமதம் ரெண்டு மடங்கு. திரும்பி வந்த சத்தத்தை மறுபடி முதல் ஹெட்டுக்கே அனுப்பினால் எதிரொலிக்கு எதிரொலி. உங்க பெடலில் 'டைம்' என்று எழுதியிருக்கும் குமிழ் அந்தத் தூரமும் வேகமும்தான். 'ஃபீட்பேக்' அல்லது 'ரிப்பீட்' என்பது அந்தத் திருப்பி அனுப்பும் வேலை. 'மிக்ஸ்' என்பது அசலும் எதிரொலியும் எந்த அளவில் கலக்கணும் என்பது. எந்தக் கம்பெனிப் பெட்டியை எடுத்தாலும் அடிப்படை இந்த மூணு குமிழ்தான்.

கேரேஜிலிருந்து வெளியே வந்த 'லவர்' என்ற பதிவு 1948-ல் கேபிடல் நிறுவனத்தில் வெளியானது. எட்டு கிட்டார் பகுதிகள், எட்டையும் வாசித்தது ஒரே ஆள். ஒன்றை வாசித்து, அதைக் கேட்டபடியே அடுத்ததை வாசித்து, சிலவற்றைப் பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டி அடுக்கியது. சிட்னி பெஷே என்ற ஜாஸ் கலைஞர் 1941-லேயே ஒரே ஆளாகப் பல வாத்தியங்களை அடுக்கிப் பதிந்திருக்கிறார். ஆனால் லெஸ் போட்டது வேற லெவல் சவுண்டு. இனி எந்த அம்மாவும் ஆள் மாறாட்டம் பண்ண முடியாது.

சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. 1948 ஜனவரி, ஓக்லஹோமாவில் பனி உறைந்த சாலையில் அவர் பயணம் செய்த கார் பாலத்திலிருந்து கீழே விழுந்தது. காரை ஓட்டியவர் அவருடைய காதலி, பாடகி மேரி ஃபோர்டு. லெஸ்ஸின் வலது முழங்கை நொறுங்கியது. கையை எடுத்துவிடலாமா என்றே டாக்டர்கள் யோசித்தார்கள். கடைசியில் கையைக் காப்பாற்றினார்கள், ஆனால் முழங்கை மடங்காது, நீளாது. எந்தக் கோணத்தில் வைக்கிறோமோ வாழ்நாள் முழுக்க அதே கோணம்தான். லெஸ், கிட்டாரை அணைத்துப் பிடித்து மீட்டுகிற கோணத்தில் வைக்கச் சொன்னார். சாப்பிட, சட்டை போட எது வசதி என்று அவர் கேட்கவில்லை. குணமாக ஒன்றரை வருஷம் போனது.

1949-ல் அவருக்கும் மேரிக்கும் கல்யாணம். அதே வருஷம் பிங் க்ராஸ்பி ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டரைப் பரிசாகக் கொடுத்தார். லெஸ் உடனே அதில் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தினார். பழைய பதிவைப் படித்து, புதிதாக வாசிப்பதோடு கலந்து, ஒரே டேப்பில் திரும்பப் பதியலாம். இதில் ஒரு பயங்கரம் இருக்கிறது. புது அடுக்கு ஏறும்போது பழையது அழிந்துவிடும். பத்து அடுக்கு முடித்து, பதினோராவதில் மேரிக்கு ஓர் இருமல் வந்தாலும், லெஸ்ஸுக்கு ஒரு விரல் தப்பினாலும், மொத்தமும் போச்சு. முதல் அடுக்கிலிருந்து ஆரம்பிக்கணும். அன்டூ பட்டன் கிடையாது. கலர் ஷேடு மாறினால் மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆகும் சாயப்பட்டறைப் பதற்றம் தெரிந்தவர்களுக்கு இந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.

இப்படித்தான் 1951-ல் 'ஹவ் ஹை தி மூன்' வந்தது. பெரிய ஸ்டூடியோ எதுவும் கிடையாது, வீட்டில் பதிவு செய்தது. ஒன்பது வாரம் அமெரிக்காவில் நம்பர் ஒன். 1953-ல் 'வாயா கோன் டியோஸ்' பதினோரு வாரம். இன்று பெட்ரூமில் லேப்டாப் வைத்து இன்ஸ்டாவில் பாட்டு போடும் எல்லோருக்கும் இவர்கள் பெரியப்பா, பெரியம்மா முறை.

மேடையில் என்ன செய்வது என்ற பிரச்னை வந்தது. வீட்டில் பத்து கிட்டார், பத்து மேரி. மேடையில் ஆளுக்கு ஒன்றுதானே? லெஸ் கிட்டாரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, 'லெஸ் பால்வரைஸர்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். அதைத் தொட்டால் மறைவில் இருக்கும் டேப் மெஷின் ஓடும். சனங்கள் மந்திரப் பெட்டி என்று வாயைப் பிளந்தார்கள். வாசித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் தட்டி, முன்பு பதிந்ததை வரவழைக்கும் வேலை இன்றைக்கு உங்க காலடிக்கு வந்துவிட்டது.

1952-ல் கிப்ஸன், தங்க நிறத்தில் அவர் பெயரிலேயே கிட்டார் வெளியிட்டது. 1957-ல் எட்டு டிராக் டேப் மெஷின் ஒன்றை ஆம்பெக்ஸ் அவருக்கென்று செய்து கொடுத்தது. ஒவ்வொரு அடுக்கும் தனித்தனி, அழியாது. ஆனால் அதற்குள் ராக் அண்ட் ரோல் வந்து இவர்கள் பாட்டைப் பழசாக்கிவிட்டது. ஓயாத பயணமும் வேலையும் மேரியைக் களைப்பாக்கின. 1964-ல் விவாகரத்து. 1977-ல் மேரி இறந்தார். இந்தக் கதையை எழுதுபவர்கள் மெஷின்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த மெஷின்கள் அடுக்கியது மேரியின் குரலை. ஒவ்வொரு அடுக்கையும் பிசிறில்லாமல் பாடியவர் அவர். அவருக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பெயர் கிடைத்திருக்கணும் என்பது என் ஆதங்கம்.

லெஸ் ஒதுங்கியிருந்த காலத்தில் அவருடைய யோசனை சுருங்கிக்கொண்டே வந்தது. டேப் சுருளைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்த எக்கோபிளக்ஸ், 1974-ல் ரோலண்டின் ஸ்பேஸ் எக்கோ, பிறகு டேப்பே இல்லாமல் சிப் மூலம் சத்தத்தைக் கை மாற்றிக் கை மாற்றித் தாமதப்படுத்தும் அனலாக் பெடல்கள், 1983-ல் சத்தத்தை எண்ணாக்கி நினைவில் வைக்கும் பாஸ் டிடி-2 டிஜிட்டல் பெடல். கேரேஜ் அளவு இருந்தது உள்ளங்கை அளவானது. யூ2 குழுவின் தி எட்ஜ், டிலேயை அலங்காரமாக வைக்காமல் தாளமாகவே மாற்றி, தனக்கென ஒரு சவுண்டு பிடித்தார்.

சரி, உங்க ஆறு மாசச் சேமிப்புக்கு வருவோம். டேப், அனலாக் எதிரொலி போகப்போக மங்கி, கொஞ்சம் கரகரக்கும். அதனால் அசல் சுரத்துக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கும். டிஜிட்டல் எதிரொலி கண்ணாடி மாதிரி தெளிவு. தாளம் கட்டி வாசிக்க நல்லது, ஆனால் வேகமா வாசித்தால் அசலோடு முட்டிக்கொள்ளும். பல வேலைக்கு ஒரே பெடல் வேணும்னா, டேப், அனலாக், டிஜிட்டல் மூணு குணமும் கிடைக்கிற, காலால் தட்டி வேகம் வைக்கும் டேப் டெம்போ உள்ள ஒன்று போதும். நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டு என்பது 500 மில்லிசெகண்டு. எட்ஜ் மாதிரி துள்ளணும்னா அதில் முக்கால் பங்கு, 375. 60,000-ஐ தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் எந்தப் பாட்டுக்கும் கணக்கு வந்துவிடும். கோயில் விழா மெல்லிசைக் கச்சேரியில் வாசிப்பவர்கள் மிக்ஸைக் குறைத்தே வையுங்க. திறந்தவெளி ஸ்பீக்கர்களும் எதிர்ச் சுவரும் தங்கள் பங்குக்கு ஒரு டிலே போடும். டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் அதற்குப் பின்னால் டிலேயை மாட்டுங்க. மாற்றி மாட்டினால் எதிரொலியும் சேர்ந்து உடைந்து, கூழாகிவிடும். எத்தனை மோடு என்பதைக் கடைசியில் பாருங்க.

லெஸ் மறுபடி மேடைக்கு வந்தார். செட் அட்கின்ஸோடு சேர்ந்து வாசித்த ஆல்பத்துக்கு 1977-ல் கிராமி. 1980-ல் இதய பைபாஸ் ஆபரேஷன். 1984 முதல் நியூயார்க் கிளப்பில் ஒவ்வொரு திங்கள்கிழமையும் வாசிப்பு, முதலில் ஃபேட் டியூஸ்டேஸ், பிறகு இரிடியம். மூட்டுவாதம் விரல்களை ஒவ்வொன்றாகப் பறித்தது. கடைசிக் காலத்தில் இடது கையில் பெரும்பாலும் ரெண்டு விரல்தான் வேலை செய்தது. பாட்டுகளை ரெண்டு விரலுக்கு ஏற்றபடி மாற்றி யோசித்தார். வேகம் போனதும் சுரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டார். எதிரொலிக்கு அந்த இடைவெளிதான் வீடு. 2009 ஆகஸ்ட்டில் இறந்த வருஷம் வரை திங்கள்கிழமை வாசிப்பு தொடர்ந்தது.

பெடல் பார்க்கக் கோவைக்கு பஸ் ஏறுபவர்கள் உங்க கிட்டாரையே தோளில் மாட்டிக்கொண்டு போங்க. முதல்ல டிலே இல்லாம ஒரு பாட்டை வாசிங்க, அப்புறம் ஒவ்வொரு பெடலிலும் அதே பாட்டை. ரெண்டையும் போனில் ரெக்கார்டு பண்ணி, வீட்டுக்கு வந்து எது நீங்கன்னு சொல்லாம அம்மாவிடம் போட்டுக் காட்டுங்க.